ஒரே கோடு... ஒரு வெண்கலம் போச்சு, ஒரு வெள்ளி வந்துச்சு! ஓட்டப் பந்தயத்தில் நடுவரின் காமன்சென்ஸ் எங்கே தேவை?

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

மணலி புதுநகரில் ஒரு பள்ளி மைதானம். குறுவட்ட அளவிலான தடகளப் போட்டி. முந்தின ராத்திரி நல்ல மழை. விடியற்காலையில் அவசரமாகப் போட்ட சுண்ணாம்புக் கோடு, பத்து மணிக்குள் பாதி ஈரத்தில் கரைந்துவிட்டது. மீதி, பிள்ளைகளின் கால் பட்டு மண்ணோடு மண்ணாகிவிட்டது. பக்கத்து பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஏர் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருக்கின்றன.

மாணவிகளுக்கான 400 மீட்டர் ஓட்டம் முடிகிறது. மாவட்டப் போட்டிக்குத் தகுதி பெறும் இடத்தில் வந்த சிறுமி, மூச்சு வாங்க மண்ணில் உட்கார்கிறாள். அதற்குள் இன்னொரு பள்ளிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சார், அவ வளைவுல உள்ளே கால் வச்சுட்டா சார்! நான் பார்த்தேன் சார்!"

எல்லாருடைய கண்களும் இப்போது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் பி.டி. சாரைப் பார்க்கின்றன.

அவர் என்ன செய்ய வேண்டும்? 'கோட்டைத் தாண்டினால் அவுட்' என்று பெயரை அடித்துவிட்டுப் போவதா? 'சின்னப் புள்ள, விடுங்க' என்று சமாளிப்பதா?

இந்தக் கேள்வி பள்ளி மைதானத்தோடு முடிவதில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் போயிருக்கிறது. இதே மாதிரி ஒரு கோட்டால் ஒரு தமிழர் வெண்கலத்தை இழந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு கோட்டால் மூன்று தமிழர்கள் வெள்ளி வென்றார்கள்.

ஜகார்த்தாவில் பறிபோன பதக்கம்

2018 ஆகஸ்ட் 26. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் கோவிந்தன் லட்சுமணன் ஓடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார். அதனால் எதிர்பார்ப்பு இருந்தது.

25 சுற்றுகள். பஹ்ரைன் வீரர்கள் இருவர் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்க, லட்சுமணன் 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். இந்தப் பிரிவில் 1998-க்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசியப் போட்டிப் பதக்கமே இல்லை. 20 வருட ஏக்கம் தீர்ந்தது என்று செய்தியும் பரவிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது. லட்சுமணன் தகுதிநீக்கம்! ஓட்டத்தின் நடுவே அவர் ஓடுதளத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்பது காரணம். இந்தியத் தரப்பு முறையீடு செய்தது. முறையீடு நிராகரிக்கப்பட்டது. நான்காவதாக வந்த சீன வீரருக்கு வெண்கலம் போனது.

அந்தச் சீன வீரர் லட்சுமணனுக்கு 20 விநாடிகளுக்கும் மேல் பின்னால் வந்தவர். மைதானத்தில் அதைத் தூரமாகப் பார்த்தால் 100 மீட்டருக்கும் அதிகம்.

அப்போதைய மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் பின்னர் லட்சுமணனை அழைத்து 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். லட்சுமணன் யாரையும் தடுக்கவில்லை, ஆதாயமும் அடையவில்லை, தொழில்நுட்பக் காரணத்தால் பதக்கம் போய்விட்டது என்பதே அவருடைய கருத்து. ஆனால், பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகப் பதக்கம் கிடையாது.

அந்தக் கோடு எதற்காக?

நடுவரைத் திட்டுவதற்கு முன்னால், அந்தக் கோடு எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

400 மீட்டர் ஓடுதளத்தின் நீளத்தை அளப்பது, உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே தள்ளி இருக்கும் ஒரு கற்பனைக் கோட்டில். விளிம்பு உயரமாக இல்லாமல் வெறும் கோடாக இருந்தால் 20 செ.மீ. தள்ளி அளப்பார்கள். யாராவது விளிம்பைத் தாண்டி உள்ளே ஓடினால், அவர் ஓடும் தூரம் குறையும்.

எவ்வளவு குறையும்? பள்ளியில் படித்த வட்டச் சுற்றளவுக் கணக்குதான். ஒருவர் ஒரு முழுச் சுற்றின் வளைவுகளிலும் 10 செ.மீ. உள்ளே தள்ளி ஓடினால், சுமார் 63 செ.மீ. மிச்சம். 25 சுற்றும் அப்படியே ஓடினால் 15 மீட்டருக்கு மேல் மிச்சம். அது அப்பட்டமான ஏமாற்று. கோடு இல்லாவிட்டால் போட்டியே இல்லை.

ஒரே ஒரு அடி மட்டும் 30 செ.மீ. உள்ளே விழுந்தால்? மிச்சமாகும் தூரம் சுமார் ஒன்றரை செ.மீ.! சுண்டு விரல் அகலம்தான் இருக்கும்.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவேதான் நடுவரின் வேலை இருக்கிறது. குறுக்கு வழியில் ஓடியவரையும், கூட்ட நெரிசலில் ஓர் அடி தடுமாறியவரையும் ஒரே தராசில் வைக்கலாமா?

விதிப்புத்தகமே இந்தக் கேள்வியைப் பல இடங்களில் கேட்கிறது. இன்னொருவர் தள்ளிவிட்டதால் ஒருவர் கோட்டைத் தாண்டினால் தகுதிநீக்கம் கிடையாது. நேர்ப்பகுதியில் லேனை விட்டு விலகினாலும், வளைவில் வெளிப்பக்கக் கோட்டை மிதித்தாலும், ஆதாயம் இல்லை, யாரையும் இடைஞ்சல் செய்யவில்லை என்றால் குற்றம் இல்லை. வளைவின் உள்பக்கத்துக்கு மட்டும்தான் நெடுங்காலம் மன்னிப்பே இல்லாமல் இருந்தது.

ஜகார்த்தாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து அதுவும் மாறியது. வளைவில் உள்கோட்டை ஒரே ஒரு முறை மிதித்தால் உடனே தகுதிநீக்கம் இல்லை என்று உலகத் தடகள அமைப்பு விதியைத் தளர்த்தியது. ஆனால், அது குறித்துவைக்கப்படும். அதே போட்டியின் எந்தச் சுற்றிலாவது இரண்டாவது முறை நடந்தால் வெளியே போக வேண்டியதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட அடி வைத்தாலும் அப்படியே.

இன்றைக்கு அதே மாதிரி ஒரு சம்பவம் நடந்தால், நடுவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மிதித்தாரா?' என்பதோடு நிற்காது. 'எத்தனை அடி?' என்பதும் சேர்ந்துகொள்ளும். பல வருடங்களாக வீரர்கள் கேட்டுக்கொண்டிருந்த காமன்சென்ஸ், தாமதமாக விதிப்புத்தகத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே விதி கொடுத்த வெள்ளி

இப்போது காட்சி சீனாவின் ஹாங்சோவுக்கு மாறுகிறது. 2023 அக்டோபர் 2. அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்களும் பெண்களும் கலந்து ஓடும் 4x400 மீட்டர் ரிலே.

இந்திய அணியில் முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். நால்வரில் கடைசி மூவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பஹ்ரைன் முதலிடம். இலங்கை இரண்டாவது. இந்தியா 3 நிமிடம் 14.34 விநாடியில் மூன்றாவது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை.

வெண்கலம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முடிவு மாறியது. லேன் விதியை மீறியதாக இலங்கை அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. இந்தியாவுக்கு வெள்ளி!

நாம் கைதட்டினோம். ஜகார்த்தாவில் லட்சுமணனுக்காக வருத்தப்பட்ட அதே நாம்தான். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், அன்றைக்கு எத்தனை வீடுகளில் டி.வி-யை அணைத்திருப்பார்கள்?

காமன்சென்ஸ் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடும் இடம் இது. 'கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே' என்று ஒருவருக்காகக் கேட்கும்போது, அடுத்த லேனில் கோட்டுக்குள்ளேயே கவனமாக ஓடிய இன்னொருவர் இருக்கிறார். ஜகார்த்தாவில் அந்தச் சீன வீரரும் 25 சுற்றும் ஓடியவர்தான். ஒருவருக்குக் காட்டும் கருணை, இன்னொருவருக்கு அநியாயமாகிவிடக் கூடாது.

அதனால்தான் நடுவரின் நிதானம் என்பது, ஆளைப் பார்த்து மனம் இளகுவதில் இல்லை. அந்த விதி எதைக் காப்பாற்ற வந்தது என்று தெரிந்துவைத்திருப்பதில்தான் இருக்கிறது. யார் ஓடினாலும் அதே கேள்வி, அதே பதில் என்றால் மட்டுமே அது நியாயம்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால்...

ஓட்டப் பந்தயத்தில் அதிகம் சண்டை வரும் இன்னொரு இடம், தொடக்கம்.

2002 வரை ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தவறான தொடக்கம், அதாவது ஃபால்ஸ் ஸ்டார்ட், மன்னிக்கப்பட்டது. 2003-ல் மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் என்றானது. 2010 முதல் மன்னிப்பே கிடையாது. முந்தினால் வெளியே. அந்த விதிக்கு அடுத்த ஆண்டே பெரிய ஆள் ஒருவர் சிக்கினார். 2011-ல் தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 100 மீட்டர் இறுதியில் உசைன் போல்ட் முந்திக் கிளம்பி வெளியேறினார். உலகமே பார்க்க வந்த ஆள் என்பதற்காக ஸ்டார்ட்டர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. விதி கடுமையானதுதான். ஆனால், அன்றைக்கு அது எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது.

கருவியை முழுசாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மனிதனின் காதுக்குச் சத்தம் எட்டி, மூளை உத்தரவிட்டு, கால் நகர குறைந்தது 0.1 விநாடி ஆகும் என்ற கணக்கில், அதற்குள் நகர்ந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று வைத்திருக்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவின் யூஜினில் நடந்த உலகப் போட்டியில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில், டெவன் ஆலன் 0.099 விநாடியில் கிளம்பினார் என்று கருவி காட்டியது. ஆயிரத்தில் ஒரு விநாடி முந்தியதற்காக, சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில் அவர் வெளியேற்றப்பட்டார். கண்ணால் பார்த்தவர்களுக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. அந்த 0.1 விநாடி எல்லையே சரிதானா என்ற விவாதம் அதன் பிறகு பெரிதானது.

இதற்கு நேர் எதிராக, கண்ணையும் வீடியோவையும் நிதானமாகப் பயன்படுத்தியதால் நியாயம் கிடைத்த கதை நம் வீராங்கனை ஜோதி யாராஜியுடையது. 2023 ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டி. பக்கத்து லேனில் சீன வீராங்கனை வூ யானி முந்திக் கிளம்பினார். அந்த அசைவைப் பார்த்து ஜோதியும் கிளம்பிவிட்டார். முதலில் ஜோதிக்கும் தகுதிநீக்கம் என்றார்கள்.

ஜோதி விடவில்லை. நடுவர்களிடம் வாதாடினார். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இருவரையும் ஓடவிட்டு, முடிவைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஜோதி 12.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். அதன் பிறகு வூ யானி தகுதிநீக்கம் செய்யப்பட, ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது.

இதிலும் விதி உடைக்கப்படவில்லை. ஒருவர் முந்தினால் பக்கத்தில் இருப்பவர்களும் கூடவே கிளம்புவது இயல்பு. அதனால், முதலில் காரணமானவரை மட்டுமே தண்டிக்க வேண்டும் என்பது ஸ்டார்ட்டர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்ட பாடம். அவசரத்தில் மறந்துபோனதை நிதானம் நினைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டரின் பையில் இன்னொரு பொருளும் உண்டு. பச்சை அட்டை. கூட்டத்திலிருந்து ஏதோ சத்தம் வந்தது, கருவி கோளாறு செய்தது என்று வீரர்களின் தவறே இல்லாமல் தொடக்கம் கெட்டுப்போனால், பச்சை அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஓடவிடலாம். யாருக்கும் எச்சரிக்கை இல்லை. பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்து ஒரு பையன் திடுக்கிட்டுக் கிளம்பினான் என்றால், அவன் மேல் தப்பே இல்லை. அட்டை கையில் இல்லாவிட்டாலும், 'யாருக்கும் எச்சரிக்கை இல்லை, எல்லாரும் திரும்பி வாங்க' என்று சொல்ல ஒரு பி.டி. சாரால் முடியும்.

ஏழு சென்டிமீட்டர் தூரத்தில் ஒலிம்பிக் பதக்கம்

தொடக்கம் முடிந்தால் முடிவு. அங்கேயும் நடுவருக்குக் கண்ணாமூச்சிதான்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியின் 400 மீட்டர் தடை ஓட்டத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இறுதிப் போட்டியில் பி.டி.உஷா நன்றாகக் கிளம்பியபோது, ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவரின் ஃபால்ஸ் ஸ்டார்ட் காரணமாக எல்லாரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இரண்டாவது முறை கிளம்பியபோது அந்த வேகம் அமையவில்லை. கடைசியில் உஷாவுக்கு 55.42 விநாடி. மூன்றாவது வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41. நூறில் ஒரு விநாடி. அந்த வேகத்தில் அது சுமார் 7 செ.மீ. தூரம்.

இதை எந்த மனிதக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அதிலும் கணக்கில் வருவது உடல் பகுதி மட்டுமே. தலை, கழுத்து, கை, கால் எது முன்னால் நீண்டாலும் சேராது. பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு கயிற்றை நோக்கிப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. நெஞ்சை முன்னால் கொடுக்க வேண்டும். உஷா பதக்கத்தைத் தவறவிட்டதற்கும், கடைசி நொடியில் நெஞ்சை முன்னால் சாய்க்காததே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

அந்த 55.42-ஐ 39 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2023 ஹாங்சோவில், தகுதிச் சுற்றில் கோவை வித்யா ராம்ராஜ் சரியாக அதே 55.42 விநாடியில் ஓடி தேசிய சாதனையைச் சமன் செய்தார். அதே நாளில்தான் ரிலே வெள்ளியும். மறுநாள் தடை ஓட்டத்தில் வெண்கலம்.

பள்ளி மைதானத்தில் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா இருக்காது. இருப்பது ஸ்டாப் வாட்ச், கிளாப்பர், நாலைந்து ஆசிரியர்கள். அங்கேயும் நிதானத்துக்கு வேலை உண்டு. 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு கிளாப்பர் சத்தம் வர சுமார் 0.3 விநாடி ஆகும். சத்தம் கேட்டபின் வாட்ச்சை அழுத்தினால், ஓடியவருக்கு இல்லாத வேகம் கணக்கில் ஏறும். அதனால், கிளாப்பர் மூடுவதையோ துப்பாக்கியின் புகையையோ கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும் என்பது பழைய பாடம். ஒருவர் முதலிடத்தை மட்டும், இன்னொருவர் இரண்டாமிடத்தை மட்டும் பார்ப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். 'நம்ம ஸ்கூல் பையன்' ஓடும்போது, முடிவுக் கோட்டில் வேறு பள்ளி ஆசிரியரை நிறுத்திவிட்டால் மீதிப் பாதியும் குறையும்.

விழுந்தவரை எழுப்பிய விதி

நடுவர் என்றாலே பெயரை அடிப்பவர் என்று நினைக்க வேண்டாம். சேர்ப்பவரும் அவர்தான்.

2016 ரியோ ஒலிம்பிக்கில், பெண்கள் 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் ஆபி டி'அகஸ்டினோவும் மோதி விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு, நொண்டியபடியே ஓட்டத்தை முடித்தார்கள். நேரக் கணக்கில் இருவருமே தகுதி பெறவில்லை. ஆனால், மோதலால் பாதிக்கப்பட்டவர்கள் என்று நடுவர்கள் இறுதிப் போட்டியில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். காலில் பலத்த காயம் இருந்ததால் டி'அகஸ்டினோவால் அதில் ஓட முடியாமல் போனது வேறு விஷயம்.

நம்மவருக்கும் இது நடந்திருக்கிறது. 2019-ல் தோஹா உலகத் தடகளப் போட்டி. 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் தகுதிச் சுற்றில் மகாராஷ்டிராவின் அவினாஷ் சாப்ளே, முன்னால் ஓடியவர் விழுந்ததால் தடுக்கப்பட்டார். அப்படியும் புதிய தேசிய சாதனை. ஆனாலும் இறுதிக்கு இடம் இல்லை. இந்தியா முறையிட்டது. வீடியோவைப் பார்த்து முறையீட்டை ஏற்று, கூடுதல் வீரராக அவரைச் சேர்த்தார்கள். மூன்று நாள் கழித்து நடந்த இறுதியில் 8 நிமிடம் 21.37 விநாடியில் ஓடி, தன் சாதனையைத் தானே முறியடித்து, டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார்.

கவனித்துப் பாருங்கள். இந்தத் தீர்ப்புகளால் வேறு எந்த வீரரின் இடமும் பறிபோகவில்லை. ஓர் இடம் கூடுதலாகப் போடப்பட்டது. ஒருவருக்கு நியாயம் செய்ய இன்னொருவரைத் தண்டிக்க வேண்டியதில்லை என்ற வழி இருந்தால், முதலில் அந்த வழியைத் தேடுவதுதான் காமன்சென்ஸ்.

உங்கள் பிள்ளை ஓடுகிறாரா? இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

வட சென்னையின் தொழிற்சாலைப் பகுதிகளில் வளரும் பல பிள்ளைகளுக்கு, ஓட்டம் ஒரு விளையாட்டு மட்டும் கிடையாது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஒவ்வொரு சான்றிதழும் கல்லூரி சீட்டுக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் பயன்படக்கூடியது. அதனால், தவறான ஒரு தீர்ப்பின் விலை அன்றைய கண்ணீரோடு முடிவதில்லை.

* ஓடுவதற்கு முன்பே பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஒரு முறை நடந்துவரச் சொல்லுங்கள். எந்தக் கோடு தன்னுடையது, எந்த இடத்தில் லேனை விட்டு உள்ளே வரலாம் என்று தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓட்டத்துக்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

* கோடு தெரியவில்லை என்றால், அணியோடு வந்த ஆசிரியர் மூலமாக உடனே சொல்லுங்கள். ஓடி முடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி தெரியும்.

* வளைவில் நிற்கும் நடுவர் தவறைப் பார்த்தால் கொடியைத் தூக்கித் தெரிவிப்பார். தகுதிநீக்கம் செய்யும் அதிகாரம் தலைமை நடுவருக்குத்தான். பார்வையாளர் கத்தியதற்காக யாரையும் வெளியேற்றக் கூடாது.

* முறையீட்டுக்கு நேரம் உண்டு. சர்வதேச விதிப்படி, முடிவு அறிவித்த 30 நிமிடங்களுக்குள் முதலில் தலைமை நடுவரிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத்து மூலம் போகலாம். பள்ளிப் போட்டிகளில் இந்த நேரமும் முறையும் மாறலாம். போட்டி தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* பெற்றோர் மைதானத்துக்குள் ஓடிப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஆசிரியர் மூலம், பிள்ளையின் பெயர், சட்டை எண், எந்த வளைவு, என்ன நடந்தது என்று நாலு வரியில் சொல்லுங்கள். ஜோதி யாராஜிக்கு வெள்ளி கிடைத்தது, அவர் மைதானத்தை விட்டுப் போகாமல் அந்த இடத்திலேயே பேசியதால்.

இப்போது பி.டி. சாரிடம் வருவோம்

மணலி புதுநகர் மைதானத்தில் அந்தச் சிறுமி இன்னும் மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பி.டி. சார் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலதான். வளைவில் நிறுத்திய நடுவர் உண்மையில் பார்த்தாரா, கூட்டம்தான் கத்துகிறதா? ஓர் அடியா, வளைவு முழுக்கவா? அவளாக உள்ளே போனாளா, யாராவது தள்ளினார்களா? அவளால் வேறு பிள்ளைக்கு இடைஞ்சல் வந்ததா? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே கோடு இருந்ததா?

கோடே அழிந்துபோன இடத்தில் 'கோட்டைத் தாண்டினாய்' என்று ஒரு பிள்ளையைத் தண்டிக்க முடியாது. அது மைதானத்தைத் தயார் செய்த பெரியவர்களின் தவறு. புல்தரையில் ஓடவிடும்போது கோட்டோடு சேர்த்து 5 மீட்டருக்கு ஒரு சின்னக் கொடி நட வேண்டும் என்று விதியே சொல்வது இதற்காகத்தான். கொடி இல்லாவிட்டால் செங்கலோ, கலர் துணி கட்டிய குச்சியோ போதும். நடுவரின் காமன்சென்ஸ் தீர்ப்பு சொல்லும்போது தொடங்குவதில்லை, கோடு போடும்போதே தொடங்கிவிடுகிறது.

விசாரித்ததில், கோடு பளிச்சென்று இருந்தது, அவள் வளைவை வெட்டிக்கொண்டுதான் ஓடினாள் என்று தெரிந்தால்? அப்போது பெயரை அடிக்கத்தான் வேண்டும். அவளுக்குப் பின்னால் கோட்டுக்குள் ஓடிவந்த பிள்ளைக்கு அந்த இடம் சொந்தம்.

எப்படி முடிவெடுத்தாலும் அதற்குப் பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மைக்கில் அறிவிப்பதற்கு முன்னால் அந்தச் சிறுமியிடம் போக வேண்டும். "ஏம்மா, இங்க வா. இந்த இடம்தான். இங்க உன் கால் உள்ள போச்சு. அதனாலதான்..." என்று வளைவுக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். புகார் சொன்ன பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஏன் இந்த முடிவு என்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால், அந்தச் சிறுமி அடுத்த வருஷம் மறுபடி ஓட வருவாளா, ஷூவைக் கழற்றி வைத்துவிடுவாளா என்பது பல நேரம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

அதற்குள் அடுத்த ஓட்டத்துக்குப் பையன்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். பி.டி. சார் கிளாப்பரை எடுப்பதற்கு முன்னால் சுண்ணாம்புத் தூள் வாளியைக் கொண்டுவரச் சொல்லட்டும். அந்த வளைவில் முதலில் கோட்டைப் போட்டுவிடலாம்.